மாமியார் பேரில் ஒரு பூனை

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் பட்டிப்பொலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் வருவதாக அண்ணியின் அண்ணன் சின்னராசா பதில் போட்டிருந்தார். போன வாரம் அந்த இடத்தில் விட்டேன்.

இடையில் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் ஏறினால் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. அதில் ஆறாவது அறை, காம்பரா என்போம், எங்களுடையது. அம்மா வீரம்மா, அண்ணன் கந்தப்பன், அண்ணி நாகலெட்சுமி, நான். அவர்களில் இன்று மிச்சம் நான் மட்டும்தான்.

ஐந்தாவதாக, அண்ணி பெற்ற ஒரு பெண்பிள்ளையும் இருந்தது. பதினொரு மாதம் இருந்துவிட்டு, கார்த்திகை மழையில் மார்ச்சளி கண்டு போய்விட்டது. மேல் மலை ஓரத்தில் புதைத்தோம்.

அதற்குப் பிறகு அண்ணி பேசுவதை விட்டுவிட்டாள். உப்பு எங்கே, மழை வருது, இவ்வளவுதான். மலைக்குப் போனாள், கொழுந்து பறித்தாள், வந்தாள், படுத்தாள். ஒன்பது மாதம் இப்படியே ஓடியது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவள் கூடைக்குள் ஒரு பூனைக்குட்டி ஏறிப் படுத்துக்கொண்டு வந்தது. சாம்பல் நிறம். ஒரு காது கிழிந்திருந்தது. அதனிடம் மட்டும் அவள் ஏதோ முணுமுணுப்பாள். என்ன என்று எங்களுக்குக் கேட்காது.

'ரெண்டு மாசம் ஒங்ககிட்ட வச்சிருந்து அனுப்புங்க தம்பி, பிள்ளைக்கு மனசு ஆறட்டும்.' அம்மா அப்படித்தான் எழுதச் சொன்னாள். பக்கத்து லயத்து மீனம்மாவையும் இப்படித்தான் இரண்டு மாதத்துக்கு என்று அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் அவள் புருஷன் வேறொருத்திக்குத் தாலி கட்டினான். மீனம்மாவின் பெட்டியைக்கூட யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அதெல்லாம் தெரிந்துதான் நான் எழுதினேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலையில் தூறல். ஆறு நாளும் மலையில் ஏறி இறங்கும்போது தெரியாத கால்வலி, ஏழாம் நாள் பாயிலிருந்து எழுந்து உட்காரும்போதுதான் தெரியும். குடத்தை எடுத்துக்கொண்டு நானும் அண்ணியும் பீலிக்கு நடந்தோம். மலைத் தண்ணீர் தகரத்தில் இறங்கி விழும் இடம் அது. லயத்துப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். பூனையும் எங்கள் பின்னாலேயே வந்தது.

"என்னாடி, பூனைக்கு நீங்க காவலா, ஒங்களுக்குப் பூனை காவலா?" என்றாள் அழகம்மா. பக்கத்துக் காம்பராக்காரி. வாயாலேயே லயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

"சும்மா வருதுக்கா" என்றேன்.

"பேரு என்னா வச்சிருக்கீங்க?"

"இன்னும் வைக்கல."

"பன்னெண்டு நாளாச்சு! பதினாறுக்கு மேல விட்டா பெறகு எந்தப் பேரும் ஒட்டாதுடி."

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "ராணின்னு வைங்க. இங்கிலீசு ராணி வந்துட்டுப் போனாங்கல்ல, அந்த ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்றாள். அது அந்த வருஷம்தான், 1954.

"ராணிக்குக் காது கிழிஞ்சிருக்குமா? அந்த மீசையப் பாரு. நம்ம கண்டாக்கையா மாதிரியே இல்ல? கண்டாக்குன்னு வைங்க. மலையில அவரு நம்மள வெரட்டுறாரு, வீட்டுல நாம அவரை வெரட்டலாம்" என்றாள் அழகம்மா. கண்டாக்கையா எங்களை மலையில் வேலை வாங்குகிற மேற்பார்வையாளர்.

"கண்டாக்கையாவுக்கு வாலு இல்லையே?"

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

பீலிக்கரையே சிரித்தது. வாலைப் பற்றிக் கேட்டவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் எங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. பூனை கல்லுக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. இராமையா வீட்டு நாய் காதை நிமிர்த்திக்கொண்டு அதையே பார்த்து நின்றது.

"வீரம்மா!" என்றாள் அண்ணி. "வீரம்மா, இங்க வாடி!"



"அடி ஆத்தே!" என்றாள் அழகம்மா.

மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்வதில்லை. எங்கள் லயத்தில் புருஷன் பேரும் அப்படித்தான், மாமனார் பேரும் அப்படித்தான். அந்தப் பேர் உள்ள வேறு யாரையாவது கூப்பிட வேண்டி வந்தால்கூட 'அவங்கதான், அந்தக் கடைசிக் காம்பராக்காரங்க' என்று சுற்றிவளைப்பார்கள். இங்கே ஒருத்தி மாமியார் பேரைப் பூனைக்கு வைத்து, வாடி போட்டுக் கூப்பிடுகிறாள்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும்.

"நேர்ல சொல்ல முடியாததைப் பூனைக்கிட்ட சொல்லித் தீத்துக்கிட்டா பாரு!"

"கெட்டிக்காரிதான்டி! வாயே தெறக்காதுன்னு நெனச்சமே!"

அண்ணி குனிந்து பூனையைத் தூக்கிக்கொண்டாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அப்படியே நடந்தாள். நானும் ஓடினேன்.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

செத்துப்போன பிள்ளைக்கும் அதுதான் பேர். முதல் பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பேரை வைப்பது வழக்கம். அம்மாவே தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பேரைப் பிள்ளையின் காதில் மூன்று தடவை சொன்னாள். அண்ணன் வீரம்மா என்று கூப்பிட்டான். நான் கூப்பிட்டேன். பெற்றவள் மட்டும் கூப்பிட முடியாது. அவளுக்குப் பிள்ளை 'பாப்பா'தான். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயா பேர் கேட்ட அன்றைக்கு, அண்ணி என் பக்கம் திரும்பினாள், நான் சொன்னேன். மருந்துப் போத்தலில் எழுதப் பேர் கேட்டபோதும் வரிசையில் நின்ற யாரோதான் சொன்னார்கள்.

அதை நாங்கள் யாரும் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு முன்னாலேயே செய்தி வந்திருந்தது. லயத்தில் எல்லாக் காம்பராவுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் காம்பராவில் சொன்னால் கடைசிக் காம்பராவில் கேட்கும்.

அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டாள் அம்மா. சத்தம் போடவில்லை.

நான் குடத்தை இறக்கி வைத்தேன்.

"நல்லா சிரிச்சாங்களான்னு கேக்குறேன்."

"நான்தாம்மா அந்தப் பேரை வச்சேன். வெளையாட்டுக்கு."

"அஞ்சாம் வகுப்பு படிச்சவ, பொய்யாவது ஒழுங்காச் சொல்லக் கூடாதா? கூப்பிட்டது யாருன்னு சுவரு சொல்லிருச்சு."

"பூனைதானேம்மா, விடுங்க" என்றான் அண்ணன், தலையைத் தூக்காமல்.

"நீ கத்தியத் தீட்டு."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு அண்ணியைப் பார்க்காமல், அடுப்பிடம் சொல்வதைப் போலச் சொன்னாள். "வேற பேரு வை. கருப்பின்னு வை, மாரின்னு வை, எனக்கு என்னா. அந்தப் பேரு மட்டும் இந்தக் காம்பராவுல இனிமே கேக்கக் கூடாது. ஒங்க அண்ணன் வர்றதுக்குள்ள வேற ஒரு பேரு சொல்லு."

அண்ணி பூனையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"பூரணி, அவ பொட்டியை எடுத்து வை."

தகரப் பெட்டியை இழுத்துத் துணிகளை மடித்து வைத்தேன். மூன்று சேலை. ஒரு கம்பளிச் சட்டை. அடியில் பிள்ளையின் தொப்பி ஒன்று இருந்தது. அதை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் அப்படியே விட்டேன்.

"அண்ணி" என்றேன், மெதுவாக. "ஒரு பேரு சொல்லிருங்க அண்ணி. ராணின்னு சொல்லுங்க. வாயால சொன்னாப் போதும், அம்மா விட்டுரும். மாமா வந்தா சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பிரலாம்."

"வேற பேரு எனக்கு வேணாம் பூரணி."

ஒன்பது மாதத்தில் அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பகல் ரயில் தாமதம். சின்னராசா மாமா வந்து சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அவருக்குப் பட்டிப்பொலையில் தண்டவாளம் பார்க்கிற வேலை. ரயில்வேயில் கொடுத்த பூட்ஸ் முழுக்கச் சேறு. ஒரு சாக்கில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கொண்டுவந்திருந்தார்.

"மலையா இது! ஏறி முடிக்கிறதுக்குள்ள பாதி உயிரு போயிருச்சு. எங்க பக்கம் ரயிலே வாசலுக்கு வந்துரும் தெரியுமா?" என்றார் என்னிடம். யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு பூட்ஸைக் கழற்றினார்.

சாப்பாடு போட்டோம். அண்ணன் 'சோறு போடு', 'மச்சானுக்குத் தண்ணி குடு' என்பதோடு நிறுத்திக்கொண்டான். மாமா பெட்டியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அழைத்துப்போக வந்தவருக்கு அந்தப் பெட்டி கண்ணில் பட்டதும் முகம் என்னவோ போல் ஆயிற்று. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

"எனக்கும் ஒரு சேதி இருக்கு அத்தே" என்று அம்மாவிடம் ஆரம்பித்தார். பிறகு, "அது கெடக்கட்டும்" என்று சோற்றைப் பிசைந்தார்.

பூனை அவர் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அட, இது யாரு புது ஆளு? பேரு என்னா?"

நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"பூனை பேரைக் கேட்டா ஏன் எல்லாரும் போலீசு கேட்ட மாதிரி முழிக்கிறீங்க?"

"வீரம்மா, அண்ணே" என்றாள் அண்ணி.

மாமாவின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. அவருக்கும் வழக்கம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "கேட்டீங்களா தம்பி? காலையில பீலியில, இப்ப எம் மூஞ்சிக்கு நேரா. கூட்டிக்கிட்டுப் போங்க. பொட்டி கட்டி வச்சிருக்கு."

"ஒங்க பேரு இல்ல அத்தே" என்றாள் அண்ணி. "எம் பிள்ளை பேரு."

பக்கத்துக் காம்பராவில் ஏதோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது.

"பதினோரு மாசம்" என்றாள் அண்ணி. அழவில்லை. களைத்துப்போனவள் கூடையை இறக்கி வைப்பதைப் போல ஒவ்வொரு வார்த்தையாக இறக்கினாள். "அதைப் பேரு சொல்லிக் கூப்பிடாத ஒரே ஆளு நான்தான். நீங்க கூப்பிட்டீங்க. அவங்க கூப்பிட்டாங்க. ஆயாவும் கூப்பிட்டா. அன்னைக்கு மூச்சு இழுக்கையில எல்லாரும் சுத்தி நின்னு பேரு சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டீங்க. நான் பாப்பா, பாப்பான்னேன். லயத்துல இருக்க எல்லாப் பிள்ளையும் பாப்பாதான் அத்தே. அது யாரைன்னு நெனச்சிருக்கும்? பெத்தவளே பேரு சொல்லிக் கூப்பிட்டிருந்தா ஒரு தடவ கண்ணைத் தொறந்திருக்கும்."

அண்ணன் எழுந்து வெளியே போய் இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். முழங்கால் மடங்காதவள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தபோது அது எங்களுக்குத் தெரிந்த குரலாக இல்லை.

"நாமதான்டி காட்டிக் குடுத்தோம்."

"என்னாம்மா சொல்றீங்க?" என்றேன்.

"வந்தவன் எனக்காக வந்தவன். இந்தக் காம்பராவுல வீரம்மான்னா யாரு? நான்தானே? அம்பது தாண்டியாச்சு, அந்த மழையில எனக்கும்தான் நெஞ்சுச்சளி இருந்துச்சு. என்னையத் தேடிக்கிட்டு வந்து வாசல்ல நின்னிருக்கான். நாம எல்லாரும் தொட்டிலைச் சுத்தி நின்னுக்கிட்டு வீரம்மா, வீரம்மான்னு கத்துறோம். அவன் என்னா செய்வான்? பேரைக் கேட்டான், தூக்கிட்டுப் போயிட்டான்." அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். "நான் பேரைக் குடுத்தேன். அது எம் பங்கு சாவை வாங்கிக்கிச்சு. இவ மூஞ்சியை நான் எப்படிப் பாக்குறது? தினம் விடிஞ்சா எதுக்க வந்து நிக்கிறா. அதுக்குத்தான் அனுப்பச் சொன்னேன். வேற ஒன்னுமில்ல."

அந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அம்மா என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அதில் இந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அண்ணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் தரையைத்தான் பார்ப்பாள்.

"நீங்க கூப்பிட்டதுனாலதான் அது போச்சுன்னு நான் ஒரு நாளும் நெனக்கல அத்தே" என்றாள்.

"நான் நெனச்சேனே."

வெளியே நின்ற அண்ணன் உள்ளே வந்தான். காலையிலிருந்து கத்தியைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன். பெட்டியைத் தூக்கி, அது எப்போதும் இருக்கும் மூலையில் கொண்டுபோய் வைத்தான்.

"அவ போகல மச்சான்" என்றான்.

மாமா அம்மாவைப் பார்த்தார்.

"அதான் அவனே சொல்லிட்டானே" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க தம்பி. மலை எறங்கணும்."

இது நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அன்று எங்களில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்து அழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். மறுநாள் விடிகாலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் நிற்க வேண்டும். அண்ணி இலையை எடுத்தாள். நான் இடத்தைத் துடைத்தேன். அண்ணன் திரும்பவும் கத்தியோடு உட்கார்ந்தான்.

மூன்று மணிக்கு மாமா பூட்ஸை மாட்டினார். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். அம்மா சுவரில் மாட்டியிருந்த கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மா?" என்றான் அண்ணன்.

"தம்பியை ரோடு மட்டும் விட்டுட்டு வர்றேன்."

"ஒங்க முழங்காலோடயா? நான் போறேன்."

"நீ உக்காரு."

வாசற்படியில் நின்றாள். அண்ணி பக்கம் திரும்பவில்லை. வெளியே பெய்யும் தூறலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கு எதுக்க நீ அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. அது மொறை. நான் ரோட்டுக்குப் போறேன். வர எப்படியும் அரை மணி ஆகும்."

இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். மாமா முன்னால். அம்மா ஒவ்வொரு கல்லாகக் காலை ஊன்றிப் பின்னால்.

அண்ணி கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றாள். பூனை அடுப்புச் சாம்பலின் சூட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தாண்டி இஸ்தோப்புக்கு வந்தாள். மேல் மலையைப் பார்த்து நின்றாள். பனி இறங்கியிருந்ததால் மலை சரியாகத் தெரியவில்லை.

முதல் தடவை உதடு மட்டும் அசைந்தது.

இரண்டாம் தடவை பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

மூன்றாம் தடவை, அவளுக்கு அப்படி ஒரு தொண்டை இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. "வீரம்மா!" லயத்தில் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அழகம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அண்ணன் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் கல்லில் படாமல் காற்றில்தான் தீட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணி திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

கீழே, பாதை வளையும் இடத்தில், அம்மா நின்று திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. தலையில் போட்டிருந்த கம்பளி மட்டும் தெரிந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தாள். கையை உயர்த்தவில்லை, கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு சின்னராசா மாமா ஏதோ சொல்ல, அவர் பக்கம் திரும்பினாள். அவர் தலையில் இருந்த ரயில்வேத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். வட்டகொடையில் ரயில் கூவியது எங்களுக்கே கேட்டது. அவர் ஓடவில்லை. அசையக்கூட இல்லை.

அம்மா பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடும்போது மாமா சொல்லாமல் விழுங்கிய அந்தச் சேதி அடுத்த வாரம்.